வெற்றிடம் சுழியமன்று

'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்பது நம் முன்னோர் வாக்கு. அளந்தால் மட்டும் போதாது; அளவில் அகப்படாமல் போனது எவ்வளவு என்றும் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. இதை எனக்குக் கற்றுக் கொடுத்தது என் தவறுதான்.

பயணச்சீட்டு முன்பதிவு செய்யும் ஓர் இணையத்தளத்தின் பதிவுக் கோப்புகளை ஸ்பிளங்க் மென்பொருளில் தேடி, வாரந்தோறும் அறிக்கை தயாரிப்பது என் வேலை. ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஆன நேரம் மில்லிவினாடியில் பதிவாகும். அதை 1000-ஆல் வகுத்து 'வினாடி' என்ற புதிய புலத்தை உருவாக்கிச் சராசரி கண்டேன். 2 வினாடி என வந்தது. தளம் நன்றாக இயங்குவதாக எழுதிக் கொடுத்தேன்.

வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் இருந்த அக்கா ஒருவர், "தம்பி, பக்கமே திறக்கலன்னு தினமும் ஏசுறாங்க" என்றார். மேலாளரோ என் அறிக்கையைக் காட்டி, அவர் மிகைப்படுத்துவதாகக் கடிந்துகொண்டார்.

பிறகுதான் மூலப் பதிவுகளைப் பார்த்தேன். 30 வினாடி காத்திருந்து துண்டிக்கப்பட்ட கோரிக்கைகளுக்கு, நேரம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சிறு கோடு. புலத்தில் எண் இல்லாவிட்டால் ஸ்பிளங்க் பிழைச்செய்தி காட்டாது; புதிய புலத்தை வெறுமையாக விட்டுவிடும். சராசரி, வெறுமையானவற்றைச் சேர்க்காது. ஆக, அதிகம் அவதிப்பட்டவர்களே என் கணக்கில் இல்லை!

வெற்றிடத்தில் சுழியத்தை இட்டு நிரப்பலாமே எனச் சிலர் கேட்கலாம். அது இன்னும் பெரிய தவறு. பத்துக் கோரிக்கைகளில் எட்டு 2 வினாடியில் முடிந்து, இரண்டு 30 வினாடியில் துண்டிக்கப்பட்டதாகக் கொள்வோம். வெற்றிடத்தை விட்டால் சராசரி 2. சுழியம் இட்டால் 1.6, உண்மையில் காத்திருந்ததோ 7.6 வினாடி. சுழியம் இட்டால், மிகத் தாமதமானவை மிக வேகமானவையாகிவிடும்.

எனவே, கணக்கிட்ட புலம் சரியாக வராதபோது சூத்திரத்தையே முறைத்துப் பார்த்துக் கொண்டிருக்க வேண்டாம். மூலப் புலத்தையும் புதிய புலத்தையும் அருகருகே அட்டவணையிடுங்கள். மொத்தப் பதிவுகளையும், புதிய புலம் உள்ள பதிவுகளையும் தனித்தனியே எண்ணுங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே நோயைக் காட்டிவிடும். புலத்தின் பெயரில் சிறு கோடு இருந்தால் ஸ்பிளங்க் அதைக் கழித்தல் குறியாகவே படிக்கும். பெயரை ஒற்றை மேற்கோளில் இடுங்கள். இரட்டை மேற்கோளில் இட்டால் அது வெறும் சொல்லாகிவிடும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து மாறினாலும் புலம் வெறுமையாகும்.

இப்போது என் அறிக்கையில் சராசரிக்குப் பக்கத்திலேயே 'கணக்கில் சேராதவை' என்றொரு வரியும் உண்டு. அந்த அக்காவிடம் மன்னிப்புக் கேட்டு, திருத்திய அறிக்கையை மேலாளரிடம் நானே கொடுத்தேன்.

தம்பி தங்கைகளே, நாளை நீங்களும் அறிக்கை எழுதுவீர்கள். பிழைச்செய்தி காட்டும் கணினி நம் நண்பன். பேசாமல் வெற்றிடம் விடும்போதுதான் விழிப்பாக இருக்க வேண்டும். அந்த வெற்றிடத்தில் யாரோ ஒருவர் இன்னும் காத்துக் கொண்டிருக்கக்கூடும்.