பியானோ எங்கே இருக்கிறது?
செக் இசையமைப்பாளர் பொகுஸ்லாவ் மார்ட்டினூவின் சிம்பொனிப் பதிவு எது கிடைத்தாலும் நான் முதலில் தேடுவது பியானோவைத்தான். நாஜிகளிடமிருந்து தப்பி 1941இல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தவர், 1942 முதல் 1946 வரை ஆண்டுக்கு ஒன்றாக ஐந்து சிம்பொனிகள் எழுதினார். ஐந்திலும் பியானோ உண்டு. ஆனால் மேடையின் முன்னால் தனிக் கலைஞராக அல்ல, வாத்தியக் கூட்டத்தில் ஒருவராக. தந்திகளின் சலசலப்புக்குள் புகுந்து தாளத்துக்கு முனை தீட்டுவதுதான் அதன் வேலை. இது ஒலிப்பதிவாளருக்குச் சோதனை. ஒலிவாங்கியைப் பக்கத்தில் வைத்தால் சிம்பொனி பியானோ கச்சேரியாகிவிடும். தள்ளி வைத்தால் குழம்பில் கரைந்த பெருங்காயம்போல, இருப்பது தெரியும், எடுத்துக் காட்ட முடியாது. எனக்கு அந்தப் பெருங்காய நிலைதான் பிடிக்கும். இசை நடத்துநர் நேமே யார்வி பாம்பெர்க் இசைக்குழுவுடன் செய்த பதிவுகளின் வேகமும் பளபளப்பும் முதல்முறை கேட்பவரை மயக்கும். யிர்ஷி பியெலோலாவெக் பிபிசி இசைக்குழுவை வைத்து நடத்தியவற்றில் அவசரமில்லை. பாட்டு எழும் இடங்களில் மூச்சுவிட நேரம் இருக்கிறது. ஐந்தாவதை மட்டும் காரெல் ஆன்செர்ல் 1950களில் செக் பில்ஹார்மோனிக்கோடு செய்த பழைய மோனோ பதிவில் கேட்க வேண்டும். மார்ட்டினூ அதைக் காணிக்கையாக்கியதே அந்தக் குழுவுக்குத்தான். பின்னாளில் எழுதிய ஆறாவதில் பியானோவையே விட்டுவிட்டார்; அது வேறு உலகம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் போர் முடிந்த 1945இன் நான்காவது சிம்பொனியை, பியெலோலாவெக் பதிவில் கேளுங்கள். மற்றவை தாமாகவே உங்களை அழைத்துக்கொள்ளும்.