நிறத்திலும் நேர்மை வேண்டும்

சின்ன ஜெர்மன் யுத்த தாங்கி மாதிரிக்கு வர்ணம் தீட்டும்போது கண்ணுக்கு அழகானதைப் பூசிவிடக் கூடாது. ஐரோப்பியக் களத்தில் 1943 பெப்ரவரி வரை பெரும்பாலும் அடர்சாம்பல். அதன்பின் அடிப்பூச்சு அடர்மஞ்சள். அதன்மேல் ஒலிவ் பச்சையையும் செங்கபிலத்தையும் படையினரே பெற்றோலிலோ தண்ணீரிலோ கரைத்து விசிறினார்கள். அதனால்தான் ஒரு வண்டியின் கோலம் இன்னொன்றில் இல்லை. தண்ணீரில் கரைத்தது மழையில் கழுவுண்டும் போனது. உருமறைப்போடு கண்டிக்கும் ஓர் உறவு உண்டு: 1944இல் பேராதனைப் பூங்காவுக்குத் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகத்தைக் கொண்டுவந்த மவுண்ட்பேட்டன், 1940இல் போர்க்கப்பல்களுக்குச் சாம்பல் கலந்த இளஞ்சிவப்பைப் பூசிப் பார்த்தவர். இந்த நிறங்களை நம்பி மனிதர் உயிரைப் பணயம் வைத்தார்கள். தம்பி தங்கைகளே, முதலில் ஆண்டையும் களத்தையும் படியுங்கள். பிறகு தூரிகையைத் தொடுங்கள்.