ஒரு வருஷம் குறையுது சார்!

என் மச்சினன் பி.காம். கோவிலம்பாக்கத்தில் எங்கள் வீட்டு மாடியில் ஜாகை, துரைப்பாக்கத்தில் வேலை. அமெரிக்காவில் எம்.பி.ஏ. படிக்கும் ஆசையில் ரெண்டு மாசச் சம்பளத்தை ஜிமேட், அப்ளிகேஷன் என்று கரைத்தான். போன வாரம் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து பதில்: '16 வருஷப் படிப்பு வேண்டும். உமக்கு ஒன்று குறைகிறது.'

"அந்த ஒரு வருஷம் எங்கே மாமா தொலைஞ்சுது?" என்றான். குரல் கம்மிவிட்டது.

கூட்டிப் பார்த்தோம். பிளஸ் டூ வரை 12, காலேஜ் 3. பதினஞ்சுதான். அங்கே பள்ளிக்கூடம் 12, காலேஜ் 4.

"1978-ல பிளஸ் டூ கொண்டாந்தாங்களே, அதுல முழுங்கியிருப்பாங்க!" என்றார் எங்கப்பா, ஈஸிசேரிலிருந்தபடி. அவர் காலத்து எஸ்.எஸ்.எல்.சி. 11, பி.யூ.சி. 1, டிகிரி 3. கூட்டினால் அதே 15! மனுஷர் முகம் தொங்கிவிட்டது.

இந்த 'யாருக்கு யார் சமம்' தலைவலி நமக்கு மட்டுமில்லை. ஜமைக்கா, டிரினிடாட் பையன்கள் ஒரு காலத்தில் கேம்பிரிட்ஜ் பரீட்சைதான் எழுதினார்கள். 1972-ல், கிரிக்கெட் டீம் மாதிரியே பல நாடுகள் சேர்ந்து சொந்தத் தேர்வுக் கவுன்சில் அமைத்தன. 1979-ல் முதல் பரீட்சையும் நடந்தது. கெட்டிக்காரர்கள்! ஆனாலும் வெளிநாடு போனால், 'இது எங்க படிப்புக்குச் சமமா?' என்ற கேள்வி அவர்களுக்கும் உண்டு.

மச்சினனுக்கு வழியில்லாமல் இல்லை. மூணு வருஷ டிகிரியை ஏற்கும் பல்கலைக்கழகங்கள் அமெரிக்காவிலேயே இருக்கின்றன. எம்.காம். முடித்துவிட்டும் போகலாம். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான்.

"அக்கவுன்டன்ஸி அரியருக்காக ஒரு வருஷம் வீட்ல உக்காந்து படிச்சேனே மாமா, அதைச் சேர்த்துக்க மாட்டாங்களா?"