வகை என்பது வண்ணமல்ல

“வகைப்பாடெல்லாம் பார்வைக்கு அழகு. எந்த ஃபங்ஷன் எவ்வளவு நேரம் தின்றது என்று தெரிந்தால் போதாதா?” நிரலின் நேரம் எங்கே போகிறது என்று அளக்கும் புரொஃபைலரைப் பற்றி வில்லியனூரில் நிரல் பழக வரும் பிள்ளைகளும் இதைக் கேட்கிறார்கள், பத்து வருடம் வேலை பார்த்தவர்களும் கேட்கிறார்கள். போதாது.

ஃபயர்ஃபாக்ஸ் புரொஃபைலர் வழக்கமாக ஒரு மில்லி நொடிக்கு ஒருமுறை நிரலை எட்டிப் பார்த்து, யார் யாரை அழைத்து நிற்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளும். அந்த அடுக்கின் நுனியில் அடிக்கடி அகப்படுவது நினைவகத்தில் இடம் ஒதுக்கும் மாலாக். படம் வரையவும் அதே மாலாக், பக்கத்தை அடுக்கவும் அதே மாலாக். பெயரை வைத்து என்ன கண்டுபிடிப்பது? பாகூரில் வயலில் நிற்கும் தண்ணீரைப் பார்த்து அது எந்த மதகில் வந்தது என்று சொல்ல முடியாது. வாய்க்காலைப் பிடித்துக்கொண்டு ஏரிக்கரை வரை நடக்க வேண்டும். புரொஃபைலரும் அப்படித்தான் நடக்கிறது. நுனி ஃபங்ஷனுக்கு, படம் வரைதல், பக்க அடுக்கம் என்று வேலையைச் சொல்லும் வகை இல்லையென்றால், அழைத்தவரின் வகையை வாங்கிக்கொள்ளும். அவருக்கும் இல்லையென்றால் இன்னும் மேலே போகும்.

ஒரு மாணவியின் பக்கத்தில் பெரிய அட்டவணை ஒன்று திணறியது. ஃபங்ஷன் பட்டியலில் ஜாவாஸ்கிரிப்டைத்தான் சந்தேகித்தோம். வகையைப் பார்த்தால் முக்கால்வாசி ஊதா, அதாவது பக்க அடுக்கம். வரிசை ஒன்றைச் சேர்த்ததும் அதன் உயரத்தை அளந்தது அவள் நிரல். ஒவ்வொரு அளவுக்கும் உலாவி மொத்த அட்டவணையையும் மறுபடி அடுக்கியது. அளப்பதைக் கடைசிக்குத் தள்ளினாள், பக்கம் ஓடியது.

“பிறகு கணக்குப் போட்டுப் பிரித்துக்கொள்ளலாம்” என்பது அடுத்த வாதம். 1982-இல் பெர்க்லியில் வந்த ஜிபுரொஃப் என்ற புரொஃபைலர் அதைத்தான் செய்தது. பொது ஃபங்ஷனின் நேரத்தை, அழைத்தவர்களுக்கு அழைப்பு எண்ணிக்கைப்படி பங்கிட்டது. அன்றைக்கு அது பெரிய சாதனை, மறுக்கவில்லை. ஆனால் ஒருவர் நூறு சிறிய கோப்புக்கும் இன்னொருவர் ஒரே பெரிய கோப்புக்கும் அதை அழைத்திருந்தால் பழி முதலாமவர் தலையில் விழும். மடை எத்தனை முறை திறந்தது என்று எண்ணி நீரைப் பங்கிடுவதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை. ஓடும்போது குறிக்காததைப் பிறகு ஊகிக்கத்தான் முடியும்.

இன்னொரு வாதம்: வகையையும் குறித்தால் பதிவுச் செலவு கூடுமாம். வகைகளின் பெயரும் நிறமும் ஒரே ஒரு பட்டியலில் இருக்கின்றன; ஒவ்வொரு பதிவிலும் ஏறுவது அந்தப் பட்டியலின் வரிசை எண் மட்டும்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: தப்பான வகை, வகையே இல்லாததைவிடக் கெட்டது. அதனால்தான் நிரல் நூலகம் எழுதுகிறவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். வெளியிடுமுன் ஒருமுறை ஓட்டி, ‘பிற’ என்ற சாம்பல் பட்டை எவ்வளவு அகலம் என்று பாருங்கள். அந்த அகலம் முழுக்க நீங்கள் இன்னும் பெயரிடாத வேலை.