ஹெட்டைக் கழட்டுறதுக்கு முன்னாடி மூடியைப் பாருங்க சாமி!

"பி.காம். படிக்கிற பயலுக்கும் ஜீப் இன்ஜினுக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று கேட்கப் போகிறீர்கள். இருக்கிறது மக்களே. பழைய ஜீப் ஹீட் ஆனால் மெக்கானிக் ஷெட்டில் நடக்கிற கூத்து இருக்கிறதே, அது பாதி மெக்கானிசம், பாதி காமர்ஸ். நான் பேச வந்தது இரண்டாவது பாதியை. ஆனால் முதல் பாதி புரியாமல் அது புரியாது. கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

நம்ம போடி, கம்பம் பக்கம் ஜீப் என்பது சினிமா ஹீரோ வண்டி இல்லை. விடிகாலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு இடுக்கி மலை ஏறுகிற வண்டி. மஹிந்திரா 1947-லேயே வில்லிஸ் ஜீப்பை இந்தியாவில் பூட்ட ஆரம்பித்துவிட்டது. பிறகு வந்த டீசல் ஜீப்புகள் பலவற்றில் இருந்தது பெஜோ எக்ஸ்டிபி 4.90 இன்ஜின், 2112 சிசி. நல்ல உழைப்பாளி. தண்ணீர் மட்டும் ஒழுங்காக ஓடினால் போதும், மற்றதை அது பார்த்துக்கொள்ளும்.

அந்த ஜீப் மலையில் கொதித்தால் என்ன நடக்கும்? ஷெட்டில் வண்டியை விட்ட ஐந்தாவது நிமிடம் தீர்ப்பு வந்துவிடும். "ரேடியேட்டர் போச்சு." மாற்றுவோம். திரும்பக் கொதிக்கும். "வாட்டர் பம்ப்." மாற்றுவோம். திரும்பக் கொதிக்கும். "தெர்மோஸ்டாட்டைக் கழட்டி எறிஞ்சிருவோம்ணே." எறிவோம். கடைசியில், "ஹெட் கேஸ்கெட் போயிருச்சு, ஹெட்டைக் கழட்டி ஃபேஸிங் பண்ணணும்." இந்தக் கடைசித் தீர்ப்பு மட்டும் சரியாக இருக்கும். ஏனென்றால் அதற்குள் நிஜமாகவே போயிருக்கும்!

கணக்குப் பதிவியல் படித்தவர்களுக்கு ஒரு கேள்வி. இருப்பாய்வு டேலி ஆகவில்லை என்றால் என்ன செய்வோம்? எந்தப் பதிவில் தப்பு என்று தேடுவோம். தேடச் சோம்பல்பட்டால் வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் தள்ளிவிட்டுப் படுத்துவிடுவோம். தெர்மோஸ்டாட்டைக் கழட்டுவது அந்த அனாமத்துக் கணக்குதான். தப்பு அப்படியே உள்ளே உட்கார்ந்திருக்கும். போதாததற்கு டீசல் இன்ஜின் சரியான சூட்டுக்கு வராமல் ஓடி, தேய்மானமும் டீசல் செலவும் கூடும். சில இன்ஜின்களில் பைபாஸ் வழியை மூடுவதே அந்தத் தெர்மோஸ்டாட்தான். அதை எடுத்தால் சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் சுற்றிவரும். சூட்டைக் குறைக்கச் செய்த வைத்தியம் சூட்டைக் கூட்டும்.

தேடுவது அவ்வளவு கஷ்டமா? எப்போது கொதிக்கிறது என்று கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும். நின்றபடி ஓடும்போது மட்டும் ஹீட் ஆகி, ஓட்டினால் குறைகிறதா? காற்று போதவில்லை. ஃபேன் பெல்ட், ஃபேனைச் சுற்றியுள்ள கூண்டு, ரேடியேட்டர் இடுக்கில் அப்பிய சேறு, இவற்றைப் பாருங்கள். வேகமாகப் போனால், பாரம் ஏற்றினால் ஹீட் ஆகிறதா? தண்ணீர் போதவில்லை. ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கலாம். சில இடம் சூடாகவும் சில இடம் சில்லென்றும் இருக்கும். இன்ஜின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். புதிதாகத் தண்ணீர் ஊற்றியிருந்தால் உள்ளே மாட்டிய காற்று கொஞ்ச நேரம் குமிழாக வரும், அது தப்பில்லை. நிற்காமல் வந்துகொண்டே இருந்தால்தான் கேஸ்கெட் மேல் சந்தேகப்படணும். ஆயில் பால் காப்பி நிறத்தில் இருந்தால் சந்தேகம் இன்னும் பலமாகும். தெர்மோஸ்டாட்டையும் சும்மா விட வேண்டாம். ஒரு பாத்திரத்தில் போட்டு அடுப்பில் வையுங்கள். 80 சொச்சம் டிகிரியில் திறக்கிறதா இல்லையா என்று கண்ணாலேயே பார்க்கலாம்.

இப்போது மூடிக்கு வருவோம். மூணாறு கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். இன்ஜின் வழக்கமாக ஓடுவதே ஏறக்குறைய அந்தச் சூட்டுக்குப் பக்கத்தில்தான். கொதிக்காமல் காப்பது ரேடியேட்டர் மூடி பிடித்துவைக்கிற அழுத்தம். மூடி 7 பிஎஸ்ஐ பிடித்தால் கொதிநிலை 10 டிகிரிக்கு மேல் உயரும். மூடியின் ஸ்பிரிங்கோ ரப்பரோ செத்துப்போனால் அந்தப் பாதுகாப்பு மொத்தமும் போச்சு. கீழே போடியில் டெஸ்ட் டிரைவ் போனால் ஒன்றும் தெரியாது. மலையில் பாரத்தோடு ஏறும்போதுதான் பொங்கும்.

எங்கள் மாமா ஜீப்புக்கு நடந்தது இதேதான். இரண்டு ஷெட், மேலே சொன்ன அதே வரிசை, ஒன்று விடாமல். தண்ணீர் பொங்கிப் பொங்கி வெளியே போனதில் ஒருநாள் அளவு ரொம்பக் குறைந்துவிட்டது. சென்சார் தண்ணீரில் முங்காமல் போனால் முள் கீழே இறங்கும். மாமாவும் 'அப்பாடா, ஆறிடுச்சு' என்று நினைத்து ஓட்டினார். ஹெட் வளைந்துவிட்டது. மூன்று வாரம் வண்டி நின்றது, அந்த வருமானமும் நின்றது. மூன்றாவது ஷெட்டில் ஒரு பெரியவர் கைப்பம்பு மாதிரி இருக்கிற பிரஷர் டெஸ்டரில் மூடியை மாட்டி அமுக்கினார். முள் ஏறவே இல்லை. சோதனை முடிய இரண்டு நிமிடம்!

"வயசான வண்டி அப்படித்தான் தம்பி" என்பார்கள். இதே வண்டி இதே மலையை இதே பாரத்தோடு வருஷக்கணக்காக ஏறியதுதானே? வயசு ஒரு காரணமே இல்லை. தேடிக் கண்டுபிடிக்காத பத்துக் காரணங்களுக்கு நாம் வைத்த பொதுப்பெயர்.

அப்படியென்றால் மெக்கானிக்குகள் எல்லாம் திருடர்களா? இல்லை. இங்கேதான் காமர்ஸ் வருகிறது. வாட்டர் பம்ப் மாற்றினால் பம்புக்கும் கூலிக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறோம். அரை நாள் உட்கார்ந்து சோதித்துவிட்டு, "மூடிதான் போச்சு, வேற ஒண்ணுமில்ல" என்று ஒருவர் சொன்னால் என்ன கொடுக்கிறோம்? மூடிக்குக் காசு. கூடவே "இதுக்குப் போயி அரை நாளா?" என்று ஒரு நக்கல். யோசித்தவனுக்குப் பட்டினி, கழட்டியவனுக்கு பில். இப்படி ஒரு சந்தையை நடத்தினால் கழட்டுகிறவன்தானே பெருகுவான்? டாக்டருக்கு மட்டும் மாத்திரை எழுதாவிட்டாலும் ஃபீஸ் கொடுக்கிறோம்!

அதனால் நான் சொல்வது ஒன்றே ஒன்று. ஷெட்டில் வண்டியை விடும்போதே சொல்லுங்கள்: "அண்ணே, முதல்ல என்னன்னு பாருங்க. பார்க்கறதுக்குத் தனியா கூலி தர்றேன். பார்த்துட்டு, எதை வச்சு அப்படிச் சொல்றீங்கன்னு எனக்குக் காட்டுங்க. அப்புறம் கழட்டலாம்." காட்ட முடியாதவரிடம் ஹெட்டைக் கழட்டக் கொடுக்காதீர்கள்.

பி.கு: சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள், முகம் வெந்துவிடும். கொதிக்கிற இன்ஜினில் பச்சைத்தண்ணீரையும் ஊற்றாதீர்கள், ஹெட் விரிசல் விடும். ஓரமாக நிறுத்தி, ஒரு டீ குடித்து, நன்றாக ஆறிய பிறகு பாருங்கள். டீக்கடை இல்லாத மலையா நம்ம மலை? :-)