லீவு நாளில் வீட்டில் இருந்து கதை வாசிக்கிற பிள்ளை செய்த குற்றம் என்ன?



பெருநாள் லீவு தொடங்கியதில் இருந்து ஊர் வட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது. நம் பெண் பிள்ளைகள் அறைக்குள் இருந்துகொண்டு போனில் 'ஃபேன் ஃபிக்ஷன்' என்று ஏதோ வாசிக்கிறார்களாம், சமூகம் அழியப் போகிறதாம், பெற்றோர் உடனே போனைப் பறிக்க வேண்டுமாம். எங்களுக்கே ஏழெட்டுப் பேர் அனுப்பிவிட்டார்கள். அனுப்பியவர்களில் இரண்டு பேரிடம் கேட்டோம்: ஃபேன் ஃபிக்ஷன் என்றால் என்ன? தெரியாது என்றார்கள். தெரியாமல்தான் நாற்பது பேருக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

விஷயம் இவ்வளவுதான். ஒரு கதை பிள்ளைக்குப் பிடித்துப் போகிறது. ஹாரி பொட்டராக இருக்கலாம், கொரிய நாடகமாக இருக்கலாம், பொன்னியின் செல்வனாக இருக்கலாம். கதை முடிந்துவிட்டது, மனசு முடியவில்லை. அதே பாத்திரங்களை வைத்து மிச்சத்தை யாரோ ஒருவர் எழுதுகிறார், காசில்லாமல் மற்றவர்கள் வாசிக்கிறார்கள். கனடாவில் 2006இல் தொடங்கிய வட்பேட்டில் இப்படி எழுதிக் குவித்திருக்கிறார்கள். பெங்களூரில் இருந்து வரும் பிரதிலிபியில் தமிழிலேயே தொடர்கதைகள் கொட்டிக் கிடக்கின்றன. இது வெள்ளைக்காரன் கண்டுபிடித்த நோயும் இல்லை. கல்கி முடித்த இடத்தில் இருந்து விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' எழுதினாரே, அதை நம் ஊர் உம்மாமார் வாங்கிப் படிக்கவில்லையா? அதற்கு அன்று யாரும் பயான் வைக்கவில்லை.

இப்போது ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்ள வேண்டும். குரல் பதிவு போட்டவரைவிட நாங்கள், வாத்திமார், மோசம்.

சில வருடங்களுக்கு முன் தரம் 10இல் ஒரு பிள்ளையின் கொப்பி எங்கள் கையில் அகப்பட்டது. கணிதப் பாட நேரத்தில் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். பொன்னியின் செல்வனில் வருகிற மணிமேகலை, கடைசியில் இறந்துபோவாளே, அவளைப் பற்றிய கதை. இந்தப் பிள்ளை அவளைச் சாக விடவில்லை. பூங்குழலியின் ஓடத்தில் ஏற்றிக் கடல் கடக்க வைத்து, நம் பக்கத்துக் கரையில் இறக்கியிருந்தாள். கரைவலை இழுக்கிறவர்கள் அவளுக்குச் சோறு கொடுக்கிறார்கள். ஒரு கிழவி அவளுக்குப் பாய் பின்னப் பழக்குகிறாள். முப்பது பக்கம் இருக்கும். எழுத்துப் பிழை இருந்தது, ஆனால் கிழவி பேசுகிற பேச்சு அப்படியே நம் ஊர்ப் பேச்சு.

நாங்கள் என்ன செய்தோம்? ஸ்டாஃப் ரூமில் சத்தமாக வாசித்துச் சிரித்தோம். வந்தியத்தேவன் யாரடி என்று கேட்டோம். உம்மாவைக் கூப்பிட்டுப் பிள்ளையைக் கவனியுங்கள் என்றோம். அந்த உம்மா பயந்து போனையும் பறித்து, கதைப் புத்தகங்களையும் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். பிள்ளை ஓ.எல்.லில் தமிழுக்கு நல்ல பெறுபேறுதான் எடுத்தாள். அதற்குப் பிறகு எங்கள் கண்ணில் அவள் ஒரு வரிகூடச் சொந்தமாக எழுதவில்லை. கட்டுரை எழுதச் சொன்னால் வழிகாட்டிப் புத்தகத்தில் இருப்பதை ஒப்புவித்தாள். நாங்களும் புள்ளி போட்டோம்.

மேடை ஏறினால் மட்டும் நாம் வேறு ஆட்கள். கல்முனை இலக்கிய பூமி என்போம். நுஃமான் ஸேர் பிறந்த மண், மருதூர்க்கொத்தனும் மருதூர்க்கனியும் எழுதிய மண், சோலைக்கிளியின் மண் என்று பொன்னாடை போர்த்துவோம். அவர்களும் ஒரு காலத்தில் கொப்பியின் பின்பக்கத்தில் கிறுக்கிய பிள்ளைகள்தானே? அவர்களின் வாத்திமார் எங்களைப் போல இருந்திருந்தால் நமக்குப் பொன்னாடை போர்த்த ஆள் இருந்திருக்காது.

பொய்க்கதை வாசிப்பது மார்க்கத்துக்கு ஆகாது என்று ஒரு ஹஸரத் எங்களிடம் மரியாதையாகவே சொன்னார். மரியாதையாகவே பதில் சொல்கிறோம். 1885இல் சித்திலெவ்வை மரைக்கார் 'அசன்பே சரித்திரம்' எழுதினார். முழுக்கக் கற்பனை. முஸ்லிம்களின் கல்விக்காக வாழ்நாளைக் கொடுத்த மனிதருக்குக் கதை எழுதுவது கேவலமாகப் படவில்லை. நம் மூத்தம்மாமார் கிஸ்ஸாவும் மாலையும் படைப்போரும் இரவிரவாகப் படிக்கக் கேட்டு வளர்ந்தவர்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் பாட்டை மனப்பாடமாக வைத்திருந்தார்கள். கதை கேட்டு அவர்கள் கெட்டுப்போனார்கள் என்று சொல்ல நமக்கு நா வருமா?

ஆபாசமும் அதில் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. மறைக்கவில்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளை வாசிக்கக்கூடாதவை அங்கே தாராளமாகக் கிடக்கின்றன. அதற்காகத்தான் பக்கத்தில் இருக்கச் சொல்கிறோம். என்ன வாசிக்கிறாய் மகள், எனக்கும் கொஞ்சம் சொல்லு என்று எந்த வாப்பாவாவது கேட்டிருக்கிறாரா? கேட்டால் அவள் சொல்லுவாள். கேட்காமல் பறித்தால் ராத்தாவின் போனில் ஒளித்து வாசிப்பாள், அப்போது எது கண்ணில் படுகிறது என்று யாருக்கும் தெரியாது. இன்னொன்று, அந்தப் போனைக் கொடுத்தது யார்? 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் மூடியபோது கடன் வாங்கியாவது போன் எடுத்துக் கொடுங்கள், பாடம் வட்ஸ்அப்பில் வருகிறது என்று வீடு வீடாகச் சொன்னது நாங்கள்தான்.

லீவு என்றால் மகன் பைக்கை எடுத்துக்கொண்டு கூட்டாளிமாரோடு அறுகம்பைக்குப் போகிறான். ஹெல்மெட்டும் இல்லை. வயசுப் பொடியன் என்கிறோம். வாப்பா திண்ணையில் சாய்ந்து மணிக்கணக்கில் வீடியோ தள்ளித் தள்ளிப் பார்க்கிறார். களைப்பு என்கிறோம். மகள் வீட்டுக்குள், உம்மாவுக்குச் சமையலில் உதவி முடித்து, ஒரு மூலையில் இருந்து வாசிக்கிறாள். அவள்தான் சமூகத்தை அழிக்கிறாளாம். போயா நாளிலும் டியூஷன், பெருநாள் மறுநாளும் டியூஷன் என்று ஓட்டியது போக அவளுக்குக் கிடைப்பது இந்த இரண்டு நாள்.

கடைசியாக ஒன்று. அஹ்னாப் ஜஸீமை மறந்துவிட்டோமா? மன்னாரைச் சேர்ந்த இளம் ஆசிரியர். 'நவரசம்' என்று தமிழில் ஒரு கவிதைப் புத்தகம் போட்டார். 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்தார்கள். தமிழ் வாசிக்கத் தெரியாதவர்கள் அவருடைய கவிதைக்குள் தீவிரவாதம் கண்டார்கள். பிணை கிடைத்தது 2021 டிசம்பரில், நீதிமன்றம் விடுதலை செய்தது 2023 டிசம்பரில். வாசிக்காமல் தீர்ப்புச் சொல்கிறார்களே என்று அன்று நாம் எவ்வளவு கொதித்தோம். அதற்கு முந்திய வருடம், 2019 ஏப்ரலுக்குப் பிறகு, சோதனைக்கு வருகிறவர்கள் எதைக் கண்டு எதை நினைப்பார்களோ என்று வீட்டில் இருந்த புத்தகங்களை ஒளித்த பயமும் நமக்குத் தெரியும். அந்தப் பயத்தை இப்போது நம் பிள்ளைகளின் அறைக்குள் நாமே கொண்டுபோய் வைக்கிறோம்.

குரல் பதிவு போட்ட சகோதரர் ஒரு கதையையாவது வாசித்துவிட்டு அடுத்த பதிவைப் போடட்டும். மகளிடமே கேட்கலாம், நல்லதாக ஒன்று எடுத்துத் தருவாள்.

அந்தக் கொப்பி இன்னும் ஸ்டாஃப் ரூம் அலுமாரியில், பழைய வரவு இடாப்புகளுக்குக் கீழே கிடக்கிறது. லீவு முடிந்ததும் அவளுடைய வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து மன்னிப்புக் கேட்க இருக்கிறோம். பாய் பின்னப் பழகிய மணிமேகலைக்குப் பிறகு என்ன நடந்தது என்றும் கேட்போம். சொல்லுவாளோ தெரியாது.