கைப்பிடி அரிசி

நெல்லைப் பக்கத்து சி.எஸ்.ஐ. சபைகளில், உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைக் காணிக்கைக்கென்று தனியாக எடுத்துவைக்கும் பழக்கம் உண்டு. 1903இல் வேதநாயகம் அசரியா முன்னின்று தொடங்கிய இந்திய மிஷனரி சங்கம், வெளிநாட்டுப் பணத்தை நம்பாமல் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு ஊழியர்களை அனுப்பியது இத்தகைய சிறு காணிக்கைகளின் தெம்பில்தான். இன்றோ ‘சபையில் தீவிரமானவர்’ என்றால் சேகரக் கமிட்டித் தேர்தலில் நிற்பவர் என்றாகிவிட்டது. பாடகர் குழுவும் சபை விருந்தான அசனத்தின் பந்தியில் வாளி தூக்குவதும் வேண்டியவையே (அசனச் சாம்பாரை யார் வேண்டாம் என்பார்?). ஆனால் செவ்வாய்க்கிழமை காலையில், பிள்ளையைப் பள்ளிக்கு விரட்டிக்கொண்டே அந்தக் கைப்பிடியை மறக்காமல் எடுத்துப்போடும் பெண்தான் என் கணக்கில் முழுநேர ஊழியர். தேர்தல் நோட்டீஸில் அவள் பெயர் வருவது அபூர்வம். வந்தாலும் ‘இன்னாரின் மனைவி’ என்றுதான் அச்சடிக்கிறார்கள்.